உறைந்த ஹாஷ் பிரவுன்: வீட்டில் மொறுமொறுப்பாகச் சமைத்தல்

ஹாஷ் பிரவுன் என்பது துருவிய அல்லது பொடியாக நறுக்கிய உருளைக்கிழங்கைத் தட்டையான வில்லையாக்கி, இருபுறமும் பொன்னிறமாகப் பொரித்து உண்ணும் அமெரிக்கக் காலை உணவாகும். பாதி பொரித்து உறைய வைக்கப்பட்ட வில்லைகளாக இது இந்தியாவிலும் விற்பனையாகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் உள்ள பல்பொருள் அங்காடிகளில், உறைந்த பச்சைப் பட்டாணி, பரோட்டா, பிரெஞ்சு பிரைஸ் ஆகியவற்றுக்கு அருகில் இது கிடைக்கிறது.

நன்றாகச் சமைத்த ஹாஷ் பிரவுனின் மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்கும். வீட்டில் சமைக்கும்போது மேலே கருகி நடுவில் சில்லென்று இருப்பதும், எண்ணெய் குடித்துத் துவண்டு போவதும், தட்டில் வைத்த ஐந்து நிமிடத்தில் நமத்துப் போவதும் பரவலாகக் காணப்படும் குறைகள். இவற்றுள் பின்னிரண்டு குறைகளுக்கும் அடிப்படை ஒன்றே: வில்லையின் மேற்புறத்தில் உள்ள நீர் வெளியேறவில்லை, அல்லது வெளியேறிய நீர் மீண்டும் உள்ளே வந்துவிட்டது. வாங்குவது, சேமிப்பது, சமைப்பது, பரிமாறுவது ஆகிய நான்கு நிலைகளிலும் இந்த நீரைக் கட்டுப்படுத்துவதே மொறுமொறுப்புக்கான வழி.

பெயரும் வரலாறும்

'ஹாஷ்' என்னும் ஆங்கிலச் சொல் நறுக்குதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'பிரவுன்' என்பது பழுப்பு நிறமாகும்படி வறுப்பதைக் குறிக்கிறது. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் மரியா பர்லோவா 1887இல் வெளியிட்ட சமையல் நூலில் இவ்வகை உருளைக்கிழங்கு உணவு பற்றிய குறிப்பு உள்ளது. சுவிட்சர்லாந்தின் ரோஸ்டி இதற்கு நெருங்கிய உறவினம். தமிழ்நாட்டில் செய்யப்படும் உருளைக்கிழங்கு கட்லெட்டும் வட இந்திய ஆலு டிக்கியும் வடிவத்தில் ஒத்தவையே. ஆனால் அவற்றில் கிழங்கு மசிக்கப்படுகிறது. ஹாஷ் பிரவுனில் கிழங்கு துருவலாகவே இருப்பதால், இழைகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகள் வழியாக நீராவி எளிதில் வெளியேறுகிறது. ஒவ்வோர் இழையின் முனையும் தனித்தனியே முறுகவும் செய்கிறது.

உறைந்த வடிவம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. கிளாரன்ஸ் பேர்ட்ஸை 1920களில் அமெரிக்காவில் உணவை விரைவாக உறைய வைக்கும் முறையை வணிக அளவில் உருவாக்கினார். ஓரிகன், ஐடஹோ ஆகிய மாநிலப் பெயர்களின் முற்பகுதிகளைச் சேர்த்துப் பெயரிடப்பட்ட ஓர்-ஐடா நிறுவனம் 1952இல் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு பிரைஸ் வெட்டியபின் எஞ்சிய துண்டுகளை நறுக்கி உருட்டி, 'டேட்டர் டாட்ஸ்' என்ற பெயரில் அது விற்றது. மாட்டுத் தீவனமாகப் போன எச்சம் மனித உணவாக மாறியதால், உறைந்த துருவல் வகைகள் தொழிற்சாலைகளுக்கு ஆதாயம் தருபவையாயின. துரித உணவகங்களின் காலை உணவுப் பட்டியல் வழியாக ஹாஷ் பிரவுன் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் உற்பத்தி

கனடாவைச் சேர்ந்த மெக்கெயின் நிறுவனம் 1957இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அதன் தொழிற்சாலை குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உள்ளது. ஹைஃபன் போன்ற இந்திய நிறுவனங்களும் குஜராத்திலேயே இயங்குகின்றன. வட குஜராத்தின் குளிர்காலம் வறண்டது; அங்கு ஒப்பந்த முறையில் பதனிடுவதற்கென்றே உருளைக்கிழங்கு பயிரிடப்படுகிறது. ஆவடியில் ஒருவர் வாங்கும் பொட்டலம் பெரும்பாலும் 1,800 கிலோமீட்டருக்கும் மேல் குளிர்சாதன லாரியில் பயணம் செய்தே வந்திருக்கும். அந்தப் பயணம் முழுவதும் அது -18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான வெப்பநிலையில் இருக்க வேண்டும்.

எல்லா உருளைக்கிழங்கும் இதற்கு ஏற்றதன்று. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் பாட்னாவில் தொடங்கப்பட்டு 1956இல் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. அந்நிறுவனம் 1998இல் பதனிடுவதற்கென 'குஃப்ரி சிப்சோனா' வகைகளை வெளியிட்டது. பின்னர் பிரெஞ்சு பிரைசுக்கென 'குஃப்ரி ஃபிரைசோனா' வந்தது. இவ்வகைகளில் நீர் நீங்கலான உலர்பொருள் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சர்க்கரை குறைவாக இருக்கும். உலர்பொருள் அதிகமானால் பொரிக்கும்போது வெளியேற வேண்டிய நீர் குறைவு. சர்க்கரை குறைந்தால் கிழங்கு உரிய நேரத்துக்கு முன் கருகாது.

சேமிப்பும் இதே காரணத்தால் வேறுபடுகிறது. சமையலுக்கான உருளைக்கிழங்கு வழக்கமான குளிர்பதனக் கிடங்குகளில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸில் வைக்கப்படுகிறது. அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் கிழங்கு இனிக்கும். பொரித்தால் விரைவில் கருத்துவிடும். பதனிடும் கிழங்கு 10 முதல் 12 டிகிரியில் வைக்கப்படுகிறது.

தொழிற்சாலையில் கிழங்கு தோல் நீக்கித் துருவப்பட்டு, வெந்நீரில் சற்று வேக வைக்கப்படுகிறது. பிறகு நீர் வடித்து, உப்பும் மாவும் கலந்து, அச்சில் வில்லையாக்கி, எண்ணெயில் குறைந்த நேரம் பொரித்து, மிகக் குளிர்ந்த காற்றில் விரைவாக உறைய வைக்கப்படுகிறது. பொட்டலத்தின் பின்புறம் 450(i) என்று குறிக்கப்படும் சேர்மம், வெந்த கிழங்கு சாம்பல் நிறமாவதைத் தடுப்பதற்காகச் சேர்க்கப்படுவது. வில்லை ஏற்கெனவே பாதி பொரிந்திருப்பதால், வீட்டில் செய்ய வேண்டிய வேலை இரண்டே: உட்புறத்தைச் சூடாக்குவது, மேற்புறத்தை உலர்த்தி முறுக வைப்பது.

மொறுமொறுப்பின் அறிவியல்

சூடேறும்போது 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது. மேற்புறத்தில் அந்த நீர் ஆவியாகிப் போனதும் கூழ் இறுகிக் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெறுகிறது. பல்லில் கடிக்கும்போது கேட்கும் ஓசை இந்த உலர்ந்த மாவுச்சத்து உடையும் ஓசைதான். வெயிலில் காய்ந்த வடகமும் அப்பளமும் பொரிந்ததும் நொறுங்குவதற்கு இதுவே காரணம். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் அவை நமப்பதற்கும் இதுவே காரணம். உலர்ந்த மாவுச்சத்து நீரைத் திரும்ப ஏற்றால் நொறுங்கும் தன்மையை இழக்கிறது.

பொன்னிறமும் வறுத்த மணமும் வேறொரு வினையால் வருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி-கமில் மையார் 1912இல் விளக்கிய இந்த வினை, சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையே நடப்பது. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் இது விரைவாகும். ஆனால் மேற்புறத்தில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே முதலில் உலர வேண்டும், பிறகே நிறம் வரும்.

இதற்கு வேண்டிய வெப்பத்தின் அளவைக் கணக்கிட்டால் பல சமையல் விதிகள் தாமே விளங்கும். 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் போதும். 1 கிராம் கொதிநீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். அதாவது சுமார் 7 மடங்கு. 60 கிராம் வில்லை ஒன்றில் 40 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். அந்த 40 கிராமையும் பனிநிலையிலிருந்து உருக்க 13,360 ஜூல் போதும். மேற்புறத்திலிருந்து 10 கிராம் நீரை ஆவியாக்க 22,600 ஜூல் தேவை. வில்லை உறைந்திருப்பதைவிட, அதன் மேற்புறம் ஈரமாக இருப்பதே பெரிய தடை. மூடி போடுவதும், நெருக்கி அடுக்குவதும், உருக விடுவதும் இந்தத் தடையை மேலும் பெரிதாக்குகின்றன.

ஏன் உருக விடக்கூடாது

இறைச்சியைப் போல ஹாஷ் பிரவுனை வெளியில் எடுத்து வைத்து உருக விட்டுச் சமைப்பது தவறான முறை. உருகும்போது இழைகளிலிருந்து நீர் கசிந்து மேற்புறத்தில் படிகிறது. அதோடு சென்னைக் காற்றிலுள்ள ஈரமும் குளிர்ந்த வில்லையின்மீது முத்துமுத்தாகப் படிகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இது. உருகிய வில்லை கல்லில் ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது உடையும், எண்ணெயையும் அதிகம் குடிக்கும்.

உறைந்த நிலையில் நேராகச் சூட்டில் இட்டால் மேற்புற நீர் முதலில் ஆவியாகி ஓர் ஓடு உருவாகிறது. உட்புறம் அதன்பின் மெதுவாக உருகிச் சூடாகிறது. எனவே ஃபிரீசரிலிருந்து எடுப்பதற்கு முன்பே கல்லும் எண்ணெயும் சூடாகியிருக்க வேண்டும்.

சமைக்கும் முறைகள்

பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் நேரமும் வெப்பமும் அந்த வில்லையின் தடிமனுக்கு ஏற்றவை. கீழே தரப்படுபவை சுமார் 1 செ.மீ. தடிமனுள்ள வில்லைகளுக்கான பொது அளவுகள்.

தோசைக்கல்

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே எளிய முறை. கனமான இரும்புக் கல் வெப்பத்தைச் சேமித்து வைக்கும்; உறைந்த வில்லையை வைத்தவுடன் அதன் சூடு சட்டென்று இறங்காது. மெல்லிய நான்ஸ்டிக் தவாவில் சூடு விரைவாக இறங்குவதால் ஒரே நேரத்தில் இரண்டு வில்லைகளுக்கு மேல் வைப்பது நல்லதல்ல.

1. கல்லை மிதமான தீயில் 3 முதல் 4 நிமிடம் காய விடவும்.
2. ஒரு வில்லைக்கு 2 தேக்கரண்டி வீதம் எண்ணெய் விட்டுப் பரப்பவும்.
3. வில்லையில் ஒட்டியுள்ள பனித்துகள்களைத் தட்டி உதிர்த்துவிட்டு, ஒன்றுக்கொன்று 2 செ.மீ. இடைவெளியில் வைக்கவும்.
4. 4 முதல் 5 நிமிடம் தொடாமல் விடவும். ஓடு உருவாகும் முன் கிளறினாலோ நகர்த்தினாலோ இழைகள் பிரியும்.
5. அடிப்புறம் பொன்னிறமாகித் தானே கல்லை விட்டு நகரும்போது திருப்பவும். ஓரங்களில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் விடவும்.
6. தோசைத் திருப்பியால் மெல்ல அழுத்தி, மேலும் 3 முதல் 4 நிமிடம் வேக விடவும்.

தோசைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தோசை மாவு ஒட்டாமல் பரவ, ஒவ்வொரு முறையும் கல்லில் நீர் தெளித்துச் சூட்டைக் குறைப்பது வழக்கம். ஹாஷ் பிரவுனுக்கு அப்படி நீர் தெளிக்கக்கூடாது. ஊத்தப்பத்துக்கு மூடுவது போல மூடி போடவும் கூடாது. மூடியில் படியும் ஆவி மீண்டும் வில்லையின்மீதே சொட்டும்.

தீ அதிகமானால் மேற்புறம் கருகி நடுப்பகுதி குளிர்ந்திருக்கும். தீ குறைந்தால் நீர் மெதுவாக வெளியேறி, ஓடு உருவாவதற்குள் வில்லை எண்ணெயில் ஊறிவிடும். வில்லையை வைத்ததும் சீரான 'சொய்ங்' ஓசை கேட்க வேண்டும். அது நீராவி வெளியேறும் ஓசை. ஓசை அடங்குவது மேற்புறத்தில் நீர் குறைந்துவிட்டதைக் காட்டும் அடையாளம். அதன்பின் நிறம் விரைவாக ஏறும் என்பதால் அப்போது கவனம் தேவை.

வாணலியில் பொரித்தல்

175 முதல் 180 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் 3 முதல் 4 நிமிடம் போதும். வெப்பமானி இல்லாத வீடுகளில் ஒரு சிட்டிகை மாவை இட்டுப் பார்க்கலாம். அது அடியில் தங்காமல் குமிழியுடன் உடனே மேலெழுந்தால் எண்ணெய் தயார். ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு வில்லைகளே இட வேண்டும்.

நீர் ஆவியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். பனி ஒட்டிய வில்லையைச் சூடான எண்ணெயில் போட்டால் எண்ணெய் பொங்கித் தெறிப்பது இதனால்தான். வாணலியில் பாதிக்கும் குறைவாகவே எண்ணெய் இருக்க வேண்டும். வில்லையைக் கையால் போடாமல் சல்லிக்கரண்டியில் வைத்து மெல்ல இறக்க வேண்டும்.

சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், அரிசித் தவிட்டு எண்ணெய் ஆகியவை இந்தச் சூட்டைத் தாங்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய்கள் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்குவதால், அவற்றைத் தோசைக்கல்லில் மிதமான தீயில் பயன்படுத்துவது நல்லது.

ஓவனும் ஏர் ஃபிரையரும்

மின் ஓவனை 220 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, கம்பித் தட்டின்மீது வில்லைகளை வைத்து 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். பாதி நேரத்தில் திருப்ப வேண்டும். கம்பித் தட்டில் அடிப்புற ஆவியும் வெளியேறும். தகட்டுத் தட்டில் வைத்தால் அடிப்புறம் ஈரமாகவே நிற்கக்கூடும்.

ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் 10 முதல் 14 நிமிடம் ஆகும். சுழலும் சூடான காற்று ஆவியை உடனுக்குடன் அகற்றுவதால் இது மொறுமொறுப்புக்கு ஏற்ற கருவி. வில்லையில் ஏற்கெனவே எண்ணெய் இருப்பதால் கூடுதலாகச் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் காற்று புகாமல் பயன் கெடும்.

மைக்ரோவேவ்

சாதாரண மைக்ரோவேவ் முறையில் மொறுமொறுப்பு வராது. அது வில்லைக்குள் இருக்கும் நீரை நேரடியாகச் சூடாக்குகிறது. சுற்றியுள்ள காற்று குளிர்ந்தே இருக்கிறது. உள்ளிருந்து வரும் ஆவி மேற்புறத்தில் படிந்து அதை ஈரமாக்குகிறது. கன்வெக்ஷன் வசதியுள்ள கருவியில், அந்த முறையை மட்டும் பயன்படுத்தி ஓவனைப் போலச் சமைக்கலாம்.

பரிமாறுதலும் டிபன் பெட்டியும்

அடுப்பிலிருந்து எடுத்த வில்லை இன்னும் சில நிமிடம் ஆவியை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். தட்டில் நேராக வைத்தால் அடியில் அந்த ஆவி நீராகத் தங்கும். டிஷ்யூ தாளில் நீண்ட நேரம் வைத்தாலும் அதே நிலைதான். கம்பி வலை, சல்லடை, துளையுள்ள எண்ணெய் வடிதட்டு ஆகியவற்றில் ஒன்றின்மீது 2 நிமிடம் வைத்துப் பரிமாறுவது சிறந்தது. உப்புச் சேர்ப்பதானால் கடைசியில் தூவ வேண்டும். சட்னியும் சாஸும் தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

பள்ளி டிபன் பெட்டியில் சூடாக அடைத்தால் அரை மணி நேரத்தில் வில்லை நமத்துவிடும். 8 முதல் 10 நிமிடம் கம்பி வலையில் ஆற வைத்து, அடியில் உலர்ந்த தாள் விரித்து வைப்பது ஓரளவு உதவும். காற்றுப் புகாத பெட்டியில் மதியம்வரை மொறுமொறுப்பை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் உடனே உண்பதற்கே இவ்வுணவு ஏற்றது.

சென்னைப் புறநகரில் வாங்குதலும் சேமித்தலும்

கடலோர நகரான சென்னையிலும் அதன் புறநகர்களிலும் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுதி. மே மாதத்தில் பகல் வெப்பம் 38 முதல் 40 டிகிரியை எட்டுவது இயல்பு. இந்த வெயிலில் இருசக்கர வண்டியின் முன்பக்கம் தொங்கும் பையில் அரை மணி நேரம் வரும் பொட்டலம் வீட்டுக்குள் வரும் முன்பே ஓரங்களில் உருகத் தொடங்கிவிடும். உறைந்த பொருள்களைக் கடைசியாக எடுத்து, வெப்பம் தடுக்கும் பையில் அல்லது பல சுற்றுச் செய்தித்தாளில் பொதிந்து, நேராக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கடையிலேயே பொட்டலத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது. வில்லைகள் தனித்தனியே அசைந்தால் அது தொடர்ந்து உறைந்த நிலையில் இருந்திருக்கிறது. எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தாலோ, உள்ளே பனிப்பொடி நிறைய இருந்தாலோ, எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. தொழிற்சாலையின் விரைவு உறைதலில் பனிப்படிகங்கள் நுண்ணியவை. வீட்டு ஃபிரீசரின் மெதுவான உறைதலில் பெரிய படிகங்கள் உருவாகிக் கிழங்கின் செல்சுவர்களைக் கிழிக்கின்றன. அப்படி மறுமுறை உறைந்த வில்லை எந்த முறையில் சமைத்தாலும் நீர் விட்டுத் துவளும்.

வீட்டு ஃபிரிட்ஜின் திறனையும் அறிந்திருக்க வேண்டும். ஃபிரீசர் கதவிலோ கையேட்டிலோ காணப்படும் நட்சத்திரக் குறி அதன் குளிரைக் காட்டுகிறது: ஒன்று -6, இரண்டு -12, மூன்று -18 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் மின்சிக்கன நட்சத்திரங்கள் வேறு. அவை மின்செலவை மட்டுமே குறிக்கும். மின்சிக்கனத்தில் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் -18 டிகிரியை எட்டாமல் இருக்கலாம். -6 டிகிரியில் சுமார் ஒரு வாரமும், -12 டிகிரியில் சுமார் ஒரு மாதமும் மட்டுமே உறைந்த உணவை வைத்திருப்பது பொது வழக்கு. பொட்டலத்தில் உள்ள காலாவதி நாள் -18 டிகிரிக்கு உரியது.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் படியும் பனியை அகற்ற டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தும் முன், ஹாஷ் பிரவுன் பொட்டலத்தை வெளியே எடுத்துப் பனிக்கட்டியுடன் ஒரு பெட்டியில் வைக்க வேண்டும். இல்லையேல் பனியோடு சேர்ந்து அதுவும் உருகும். திறந்த பொட்டலத்தைக் காற்றை வெளியேற்றி இறுக்கக் கட்டி வைக்க வேண்டும்.

மின்தடைக்குப் பின்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் புறநகர்களிலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரங்களில் ஃபிரீசரில் உள்ள உணவை என்ன செய்வது என்பது சுவையைவிட முக்கியமான கேள்வி.

கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த தனி ஃபிரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறு ஃபிரீசர் இதைவிடக் குறைவாகவே தாங்கும். மின்சாரம் வந்தபின் வில்லைகளில் பனித்துகள் இன்னும் இருந்தால், அல்லது அவை ஃபிரிட்ஜில் வைத்தது போலச் சில்லென்று இருந்தால், உடனே சமைத்து உண்ணலாம். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்திருந்தால் எறிந்துவிட வேண்டும்.

வெந்த மாவுச்சத்து உணவுகளில் வளரும் பாசிலஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா இதற்கு முக்கியக் காரணம். அது உண்டாக்கும் ஒருவகை நச்சு வெப்பத்தைத் தாங்கக்கூடியது. கெட்டுப்போன வில்லையைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்தாலும் அந்த நச்சு நீங்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். மணமும் நிறமும் மாறாமல் இருப்பது பாதுகாப்புக்குச் சான்றல்ல.

வெளியூர் செல்பவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கிண்ணத்தில் நீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை. அடியில் புதைந்திருந்தால், வீட்டில் ஆள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

வீட்டிலேயே தயாரித்து உறைய வைத்தல்

நீலகிரியில் உருளைக்கிழங்குச் சாகுபடி 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. 1961இல் அங்கு கிழங்கு நூற்புழு கண்டறியப்பட்டது. அதை எதிர்க்கும் 'குஃப்ரி ஸ்வர்ணா' வகை 1985இல் வெளியிடப்பட்டது. சென்னைக்கு ஊட்டி உருளையோடு பிற மாநிலக் கிழங்குகளும் கோயம்பேடு சந்தை வழியே வருகின்றன. கடையில் வகைப் பெயர் எழுதியிருக்காது என்பதால், உலர்பொருளை வீட்டிலேயே சோதிக்கலாம். 11 கிண்ணம் நீரில் 1 கிண்ணம் உப்பைக் கரைத்து அதில் கிழங்கை இட வேண்டும். மூழ்கும் கிழங்கில் மாவுச்சத்து அதிகம். அது ஹாஷ் பிரவுனுக்கு ஏற்றது. மிதப்பது குருமாவுக்கும் பொரியலுக்கும் பொருந்தும்.

கிழங்கைத் தோல் சீவி, பெரிய துளையில் துருவி, இருமுறை நீரில் அலச வேண்டும். இட்லித் துணியில் கட்டி இறுகப் பிழிந்து, இட்லிப் பானையில் 3 முதல் 4 நிமிடம் ஆவியில் வைத்து ஆற விட வேண்டும். அரைக் கிலோ கிழங்குக்கு 2 மேசைக்கரண்டி அரிசி மாவு, உப்பு, மிளகுத்தூள் சேர்த்து 1 செ.மீ. தடிமனில் தட்டவும். எண்ணெயில் இருபுறமும் இலேசாகப் பொரித்து ஆற வைத்து, ஒன்றையொன்று தொடாதபடி தட்டில் பரப்பி உறைய வைத்தபின் பையில் போட்டு வைக்கலாம். அரிசி மாவு மேற்புற ஈரத்தை ஏற்று முறுகலான ஓட்டைத் தருகிறது. வெங்காயம் சேர்த்தால் நீர் விடும் என்பதால் உறைய வைக்கும் வில்லைகளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

உடல்நலம்

உருளைக்கிழங்கு போன்ற மாவுச்சத்து உணவுகளை அதிகச் சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்னும் சேர்மம் உருவாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். விலங்கு ஆய்வுகளில் இது புற்றுநோயுடன் தொடர்புபட்டது. நிறம் அடர்ந்தால் அளவும் கூடும் என்பதால், பொன்னிறத்தில் எடுத்துவிடுவதே பாதுகாப்பானது. கரும்பழுப்பு நிறம் மொறுமொறுப்பைக் கூட்டுவதில்லை, கசப்பையே கூட்டுகிறது.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதும் தவிர்க்க வேண்டியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி, மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது; இது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் இதை அளக்க வழியில்லை. எண்ணெய் கருத்து, பிசுபிசுத்து, நுரைத்து, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அதை அகற்றிவிட வேண்டும்.

ஹாஷ் பிரவுனில் உப்பும் கொழுப்பும் முன்னரே சேர்க்கப்பட்டுள்ளன. இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் பொட்டலத்தின் சோடியம், மாவுச்சத்து அளவுகளைப் பார்த்து உண்ண வேண்டும். இது இட்லி, தோசைக்கு நாள்தோறும் மாற்றாக வைக்கும் உணவன்று. முட்டை, சுண்டல், காய்கறி ஆகியவற்றோடு எப்போதாவது ஒன்றிரண்டு வில்லைகள் உண்பதே ஏற்றது.